சிகிரியாச் சுவரில் உங்கள் பெயருக்கு இடமில்லை

மறுபடியும் ஒரு பெயர். பழைய சுண்ணச்சாந்தின் மேல் சாவி முனையால் கீறியது. பக்கத்தில் ஓர் இதயம், அடியில் திகதி. சுவரோவியங்களையும் பழஞ்சுவர்ப் பூச்சுகளையும் பேணுவதே என் தொழில் என்பதால் கீறல் எனக்குப் புதிதல்ல. இம்முறை என்னை எழுத உட்கார வைத்தது, அந்த மாணவனை அழைத்து வந்த ஆசிரியர் சொன்ன பதில்: “அந்தக் காலத்து ஆட்களும் இதில் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள்?”

இந்தக் கேள்வியை வழிகாட்டிகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், படித்த நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சிகிரியாவின் கண்ணாடிச் சுவர் 5ஆம் நூற்றாண்டில், காசியப்ப மன்னன் காலத்தில் எழுந்தது. செங்கல் கட்டு, மேலே மெருகேற்றிய சாந்து. மன்னனுக்குப் பின் அரண்மனை வெறிச்சோடியது. ஆனால் குன்றின் குழிவில் தீட்டப்பட்ட பெண்களைப் பார்க்க மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பார்த்ததைப் பாட்டாக்கி இந்தச் சுவரில் எழுதினார்கள். 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956இல் பதிப்பித்தார். அக்காலச் சிங்களம் எப்படி எழுதப்பட்டது, சாதாரண மனிதர் எதை ரசித்தார், எதைக் கண்டு ஏங்கினார் என்பதையெல்லாம் இந்தச் சாந்துப் பூச்சு வைத்திருக்கிறது.

அன்று எழுதியவர் செய்தது சரியா, தவறா என்று வழக்காடுவதில் பயனில்லை. அவர் கைக்கு வெற்றுப் பரப்பு கிடைத்தது. உங்கள் சாவிக்கு அடியில் இருப்பது அவருடைய எழுத்து. அந்த வரிகள் மயிரிழை அளவு மெல்லியவை. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கண்ணுக்குப் படும். நேர் வெயிலில் வெறும் சுவராகத் தெரியும் இடத்தில் ஒரு பாட்டின் பாதி இருக்கலாம். “எழுத்தே இல்லாத மூலையில்தான் எழுதினேன்” என்பவரால் அதை எப்படி அறிந்திருக்க முடியும்? பயிற்சி பெற்ற நாங்களே விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நெடுநேரம் பார்த்த பிறகுதான் சொல்வோம்.

“ஆயிரம் ஆண்டு கழித்து என் பெயரையும் ஆராய்வார்கள்” என்றும் சிலர் சொல்கிறார்கள். ஆராய மாட்டார்கள். நீங்கள் வாழ்ந்ததற்கு வேறு ஆயிரம் பதிவுகள் இருக்கின்றன. அந்தப் பாட்டை எழுதியவருக்கு இந்த ஒரு வரிதான் இருக்கிறது.

இன்னொன்று: கீறலை நாங்கள் அழித்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள். அழிக்க முடியாது. பொருத்தமான சுண்ணக் கலவையால் நிரப்பி, நிறத்தை ஒப்பேற்றி, கண்ணை உறுத்தாமல் செய்யலாம்; அவ்வளவுதான். அதிலும் பக்கத்து எழுத்துக்குள் கலவை புகுந்துவிடாமல் பார்க்க வேண்டும். 1967இல் இதே சிகிரியா ஓவியங்களின் மேல் யாரோ பச்சை வர்ணம் பூசிவிட்டார்கள். இத்தாலிய வல்லுநரை வரவழைத்துத்தான் மீட்டார்கள். முழுதாக மீட்க முடியவில்லை.

சட்டமும் விளையாட்டல்ல. 2015இல் இந்தச் சுவரில் தன் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் ஜனாதிபதி பொதுமன்னிப்பு அளித்தார். அறியாமல் செய்ததற்கு அது மிகக் கடுமை என்றே நான் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பஸ் புறப்படும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சுவரடியில் நின்று கத்துவதில் பயனில்லை.

இலங்கையின் எட்டு உலக மரபுரிமைத் தலங்களில் ஆறு பண்பாட்டுத் தலங்கள், இரண்டு இயற்கைத் தலங்கள். அவற்றுள் பொலன்னறுவையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தனியாக ஒன்று. அங்குள்ள சோழர் காலச் சிவாலயத்தின் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. பெருமை பொங்க வருகிறோம், எழுத்து படத்தில் தெளிவாக விழவேண்டும் என்று சுண்ணக்கட்டியைத் தேய்க்கிறோம், மாவைப் பூசுகிறோம், தண்ணீர் ஊற்றுகிறோம். தயவுசெய்து வேண்டாம். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பு மழுங்குகிறது. கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள், போதும். பக்தியோடு வருபவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கர்ப்பூரத்தைக் கல்லின் மேல் ஏற்றாதீர்கள், எண்ணெயும் குங்குமமும் எழுத்தின் மேல் படவேண்டாம். அதே ஊரில், மன்னரிடம் பணிசெய்த தென்னிந்தியக் கூலிப்படையான வேளைக்காரப் படையினர் புத்தரின் தந்தத்தாது இருந்த கோயிலைக் காப்போம் என்று தமிழில் உறுதி எழுதிக் கொடுத்த கல்லும் நிற்கிறது. அதன் மேல் சாய்ந்துகொண்டு படம் எடுக்காதீர்கள்.

தம்புள்ளைக் குகைகளில் ஓவியத்தைத் தொடாதீர்கள், பையை உரசாதீர்கள். தடை இருக்கும் இடத்தில் ஃபிளாஷ் வேண்டாம். சிகிரியாவில் சிங்கப் பாதத்தருகே கூச்சலிடாதீர்கள். பாறையில் குளவிக் கூடுகள் இருக்கின்றன, கலைந்தால் ஓடுவதற்கு இடமில்லை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளி 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வாயிலில் பொலித்தீனைப் பறித்துக்கொள்கிறார்கள் என்று கோபிக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மரைகள் அதைத் தின்று சாகின்றன. கோபிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல. மரைக்கு பிஸ்கட்டும் நீட்டாதீர்கள். சிங்கராஜ வனத்திலிருந்து ஓர்கிட் செடியோ, ஒரு விதையோ வீட்டுக்கு வரக்கூடாது.

யாராவது கீறுவதைக் கண்டால் அங்கேயே தடுத்து, காவலரை அழையுங்கள். கீறி முடிந்துவிட்டதென்றால் நீங்களாகத் தேய்த்து அழிக்க முனையாதீர்கள்; ஈரத்துணி, எச்சில், விரல் எதுவும் வேண்டாம். உதிர்ந்த தூளையும் சில்லையும் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எந்த இடம் என்று காவலரிடம் காட்டிவிட்டு வாருங்கள். அந்தச் சில்லில் எழுத்து இருந்தால் நாங்கள் திரும்ப ஒட்டப் பார்ப்போம்.