டிராகன்: சிறகில்லாததற்கு எதற்குப் 'பறவை'?

சீனப் புத்தாண்டு வந்தால் போதும், டிராகன் நடனத்துக்குப் 'பறவைநாக நடனம்' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள படத்தில் கோல்களில் தூக்கிப் பிடித்த நீளமான துணி உடம்பு தெரிகிறது. தலையிலிருந்து வால்வரை தேடினாலும் ஓர் இறகு கிடையாது. எழுதியவர் தன் தலைப்பைப் படத்தோடு ஒருமுறை வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'திராக்கோன்'. 'பார்த்தல்' என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இமைக்காமல் உறுத்துப் பார்ப்பது என்று கொள்ளலாம். லத்தீனில் 'டிராக்கோ'. பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய் 'டிராகன்' ஆயிற்று. கிரேக்கருக்கு அது முதலில் பெரும் பாம்புதான். தீப்ஸ் நகரை நிறுவிய காட்மஸ் ஊற்றங்கரையில் கொன்று, பல்லைப் பிடுங்கி மண்ணில் விதைத்தானே, அது ஒரு பாம்பு.

இனி 'பறவைநாகம்'. சிறகும் நெருப்பும் இடைக்கால ஐரோப்பிய ஓவியர்கள் பரப்பிய உருவம். அதிலும் பின்னாளில் நிலைத்த சிறகு வௌவாலுடையது, தோலால் ஆனது, பறவையின் இறகு அல்ல. 'பறக்கும் நாகம்' என்றிருந்தாலாவது வினை சரியாக இருந்திருக்கும். பழைய வடஐரோப்பியக் கதைகள் சிலவற்றில் அதுவும் பொருந்தாது. ஐஸ்லாந்துக் கதையில் ஃபாஃப்னிர் என்ற டிராகன் புதையலைக் காக்கிறது. தண்ணீர் குடிக்க அது ஊர்ந்து ஊர்ந்து தேய்ந்த தடத்தில் சிகுர்த் என்ற வீரன் ஒரு குழி தோண்டி உள்ளே பதுங்குகிறான். மேலே ஊர்ந்து கடக்கும்போது கீழிருந்து வாளைச் செருகுகிறான். ஃபாஃப்னிர் பறந்து போயிருந்தால் அந்தக் கதையே இல்லை. பாபிலோனின் இஷ்தார் வாயிலில் பதித்த முஷ்ஹுஷ்ஷு என்ற கற்பனை விலங்குக்கு உடம்பெல்லாம் செதில், முன்கால் சிங்கத்தினுடையது, பின்கால் கழுகினுடையது. கழுகின் கால் இருந்தும் சிறகு இல்லை.

சீனத்து டிராகனான 'லோங்' மழையைத் தருவது, ஆற்றையும் கடலையும் ஆள்வது. மான் கொம்பு, பாம்புக் கழுத்து, கெண்டைச் செதில், கழுகு நகம் என்று ஒன்பது உயிர்களின் சாயல் அதற்கு உண்டு என்பது அவர்களின் பழைய கணக்கு. அந்தக் கணக்கில் சிறகு வரவில்லை. சிறகுள்ள 'யிங்லோங்' என்ற ஒரு வகை உண்டுதான். ஆனால் தனிப்பெயர் வைத்துப் பிரித்துச் சொல்கிறார்கள் என்றால் மற்றவற்றுக்குச் சிறகு இல்லை என்றுதானே பொருள்? லோங் வானேறுவதற்குச் சிறகு தேவைப்படவில்லை. நம் தேவர்களும் சிறகு கட்டிக்கொண்டா வானத்தில் போகிறார்கள்?

இன்னொன்று, இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 'பறவைநாகம்' என்ற பெயருக்கு முழு உரிமையோடு ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். மெக்சிகோவின் கெட்சால்கோவாட்டல். கெட்சால் என்பது பச்சை இறகுப் பறவை, கோவாட்டல் என்றால் பாம்பு. ஆஸ்டெக் மக்களின் அந்தத் தெய்வத்துக்கு அச்சு அசலாகப் பொருந்தும் பெயரை எடுத்து ஃபாஃப்னிருக்கும் லோங்குக்கும் மாட்டிவிட்டோம். நாளைக்குக் கெட்சால்கோவாட்டலைத் தமிழில் எழுத வேண்டியவர் என்ன செய்வார்? போதாததற்கு, வயதான நாகம் உடல் குறுகிச் சிறகு முளைத்துப் பறக்கும் என்று நம் ஊர்ப்புறங்களில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் குட்டைப் பாம்புக்கும் இதே பெயர்தான்.

'யாளி' என்பாரும் உண்டு. கோயில் தூணில் நிற்கும் யாளிக்குச் சிங்க உடம்பு, சிலவற்றுக்கு யானைத் துதிக்கை. பாம்போடு உறவே இல்லை. அதை விட்டுவிடலாம்.

அப்படியானால் சரியான சொல் எது? சீனத்துக்கு 'நாகம்' போதும். இது என் ஆசை அல்ல, சீனர்களே செய்த முடிவு. பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவர்கள் 'நாக' என்று வந்த இடமெல்லாம் 'லோங்' என்று எழுதினார்கள். சீன மொழித் தாமரைச் சூத்திரத்தில் நாகராசன் சாகரனின் மகள் லோங் அரசனின் மகளாகிறாள். பௌத்த அறிஞர் நாகார்ஜுனருக்கே அங்கே 'லோங்ஷு' என்றுதான் பெயர். அவர்கள் நாகத்தை லோங் ஆக்கினார்கள் என்றால், நாம் லோங்கை நாகம் ஆக்குவதில் என்ன தடை? குழப்பம் வருமென்றால் 'சீன நாகம்' என்று எழுதலாம்.

மேற்கத்தியதற்கு 'வலுசர்ப்பம்' இருக்கிறது. தமிழ் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு தலை, பத்துக் கொம்போடு வருமே, அதுதான். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தில் என்ன விலங்கு என்று பார்த்துவிட்டுச் சொல் தேடினார்கள் என்பதற்கு அது சாட்சி. 'சர்ப்பம் வடசொல், வல்லரவு என்போம்' என்று தனித்தமிழ் நண்பர்கள் வருவார்கள். வல்லரவு நல்ல சொல்தான், ஆனால் 'சீன வல்லரவு' என்று எழுதினால் அச்சில் வல்லரசாகத்தான் வந்து சேரும். ஞாயிறுதோறும் வாசித்துக் காதில் பழகிய சொல்லைத் தூய்மையின் பேரால் எறிய எனக்கு மனமில்லை. வேல்ஸ் கொடியில் இருப்பது போலச் சிறகு இருந்தால் 'சிறகுள்ள வலுசர்ப்பம்' என்று எழுதுங்கள், கை வலிக்காது. பேச்சிலும் சினிமாவிலும் 'டிராகன்' என்றே இருக்கட்டும், அது யாரையும் ஏமாற்றாது.

ஏமாற்றுவது அரைகுறை ஆக்கங்கள்தான். டிராகன் பழத்துக்குத் 'தறுகண்பழம்' என்று ஒன்று உலவுகிறது. ஒலி ஒத்துப்போகிறது, கண்ணும் இருக்கிறது என்ற மகிழ்ச்சி போலும். தொல்காப்பியம் கல்வி, இசைமை, கொடையோடு பெருமிதத்துக்குரியதாக எண்ணும் அஞ்சாமைதான் தறுகண். குறள் அதைப் பேராண்மை என்கிறது. கள்ளிச்செடியில் காய்க்கும் பழத்துக்கு அவ்வளவு வீரம் எதற்கு? குஜராத் அரசு 2021இல் அதே பழத்துக்குக் 'கமலம்' என்று பெயர் வைத்தது, அது வேறு கூத்து. தட்டான் என்ற சொல்லை மறந்து 'டிராகன் ஈ' என்று எழுதுகிறவர்களும், உடும்பு இனத்தைச் சேர்ந்த கொமோடோ டிராகனைப் 'பறவைநாகம்' ஆக்குகிறவர்களும் அகராதியைத் திறக்கிறார்கள், விலங்கைப் பார்ப்பதில்லை. கொமோடோ உடும்பு என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுமே!