கூபக முறிவு: சத்திரசிகிச்சையா, பேணல் சிகிச்சையா?

கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பம் "இடுப்பு முறிஞ்சு போச்சு" என்று சொன்னால், அது முற்றிலும் வேறான இரண்டு காயங்களில் ஒன்றாக இருக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மம்மாவுக்கு முறிவது பெரும்பாலும் தொடையென்பின் கழுத்து. காலி வீதியில் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்பட்ட இருபத்தைந்து வயதுப் பேரனுக்கு முறிவது கூபகம், அதாவது ஆங்கிலத்தில் பெல்விஸ் எனப்படும், இடுப்பைச் சுற்றியுள்ள என்புக்கூடு. இரண்டையும் நாம் இடுப்பு என்றே சொல்கிறோம். அதனால்தான் வைத்தியசாலை விடுதியில் இந்தக் கேள்வி எழுகிறது: "அம்மம்மாவுக்கு அடுத்த நாளே ஒப்பரேஷன் செய்தார்கள், தம்பியை ஏன் சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள்?" வைத்தியர்கள் அக்கறையில்லாமல் விட்டுவிட்டார்கள் என்ற கோபம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்தக் கோபத்தில் பாதி ஒரே சொல்லால் வருவது. ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

பெல்விஸ் என்பது இலத்தீன் சொல். அகன்ற பாத்திரம், தாம்பாளம் என்பது அதன் பொருள். உடற்கூற்றை எழுதிய ஐரோப்பியர் அந்த என்புக்கூட்டின் வடிவத்தைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களும் கலைச்சொல் தொகுதிகளும் எடுத்துக்கொண்ட சொல் கூபகம். கூபம் என்றால் வடமொழியில் கிணறு; கூபகம் சிறு கிணறு, குழி. இடுப்பின் கீழுள்ள குழிவையும் அந்தச் சொல் வடமொழியிலேயே குறித்திருக்கிறது. சிங்களத்தில் ஸ்ரோணி என்கிறார்கள், அதுவும் வடமொழிதான். தமிழகத்தில் இடுப்பெலும்பு, இடுப்புக்கூடு என்று எழுதுவது வழக்கம்.

எனக்குக் கூபகம் பிடிக்கும். தமிழ் வேர் இல்லையே என்று வருந்துவோர் உண்டு, நியாயமான வருத்தம்தான். ஆனால் இடுப்பு என்ற சொல் சேலை கட்டும் இடத்தையும் குறிக்கிறது, தொடை பொருந்தும் மூட்டையும் குறிக்கிறது, குழந்தையைத் தூக்கி வைக்கும் பக்கத்தையும் குறிக்கிறது. மருத்துவத்துக்கு இவ்வளவு அகலமான சொல் ஆபத்தானது. பேச்சில் இடுப்பு வளையம் என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும், குழப்பமும் வராது. நோய் விவரச் சீட்டில் கூபகம், வீட்டில் இடுப்பு வளையம். இதுவே என் தெரிவு.

ஏன் வளையம் என்றால், அது உண்மையாகவே வளையம். பின்னால் நடுவில் திருவென்பு. இலத்தீனில் அதைப் புனித என்பு என்றார்கள், அந்தப் புனிதத்தைத் தமிழில் திரு என்று அழகாக வைத்துவிட்டார்கள். இரு பக்கமும் புடைதாங்கி, நாரியென்பு, பூப்பென்பு என்ற மூன்றும் பதின்ம வயதில் ஒன்றாக இணைந்து ஒரே என்பாகின்றன. நாரி என்பது இடுப்புக்குப் பழந்தமிழ்ச் சொல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரு பக்க என்புகளும் முன்னால் பூப்பென்பொட்டில் சந்திக்கின்றன. பின்னால் திருவென்போடு வலிமையான இழையங்களால் கட்டப்பட்டிருக்கின்றன. கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைப்பது எவ்வளவு கடினமோ, இந்த வளையமும் அப்படித்தான். முன்னால் ஒரு முறிவு தெரிந்தால் பின்னாலும் ஒன்று இருக்கிறதா என்று வைத்தியர் தேடுவார். சாதாரண எக்ஸ்ரேயில் திருவென்பின் முறிவு எளிதில் தப்பிவிடும்; அதற்காகத்தான் சீ.ரி. ஸ்கேன்.

முதியவருக்கு என்பு மெலிந்திருப்பதால் நின்ற நிலையிலிருந்து விழுந்தாலே கூபகம் முறியலாம். இளவயதினருக்கு அப்படி இல்லை. வாகன மோதல், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுதல், ஓடும் ரயிலிலிருந்து விழுதல் போன்ற பெரிய விசை வேண்டும். அந்த விசை என்போடு நின்றுவிடாது. வளையத்தின் பின்புறத்தை ஒட்டி ஓடும் நாளங்கள் கிழிந்து உள்ளேயே இரத்தம் கொட்டும். சிறுநீர்ப்பை, சிறுநீர்வழி, நரம்புகள் எல்லாம் அந்தக் கிணற்றுக்குள்தான் இருக்கின்றன. முதல் மணித்தியாலங்களில் உயிரைப் பறிப்பது முறிவல்ல, இரத்தப் பெருக்கு. ஆகவே விபத்து நடந்த இடத்தில் ஆளைத் தூக்கி நிறுத்தி "நடந்து பார்" என்று சொல்லக் கூடாது, முச்சக்கர வண்டியில் மடித்து உட்கார வைக்கவும் கூடாது. 1990 சுவசெரிய இலவச அம்புலன்சை அழைத்துவிட்டு, அசையாமல் படுக்க வைப்பதே சரி. இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டியைப் பயிற்சி பெற்றவர்கள் இடுப்பின் மேல் விளிம்பில் கட்ட மாட்டார்கள். தொடையின் மேற்பக்கத்தில் வெளியே புடைத்துத் தெரியும் என்பு மேட்டின் மட்டத்தில் கட்டுவார்கள். மேலே கட்டினால் வளையம் சரியாக மூடாது.

சரி, இனிச் சிகிச்சைக்கான சொற்கள். இலங்கையில் சத்திரசிகிச்சை, தமிழகத்தில் அறுவை சிகிச்சை. சத்திரம் இங்கே வழிப்போக்கர் தங்கும் இடமல்ல. வெட்டும் கருவியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் தமிழ் வடிவம். அறுவையோ அறு என்ற தமிழ் வேரிலிருந்து வருவது. "வாளால் அறுத்துச் சுடினும்" மருத்துவன்மேல் நோயாளிக்கு அன்பு மாறாது என்று குலசேகர ஆழ்வார் பாடியிருக்கிறார், அவ்வளவு பழைய வழக்கு. இரண்டுக்கும் நடுவே யாழ்ப்பாணத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது. 1847 இல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் வெளியிட்ட சத்திரசிகிச்சை நூலின் பெயர் இரண வைத்தியம். புண் என்ற பொருளில் இரணம் இன்றும் நம் வாயில் இருக்கிறது. இரண வைத்தியம் மட்டும் மறைந்துவிட்டது.

எதிர்ப்பக்கச் சொல்தான் சிக்கல். கன்சர்வேட்டிவ் ட்ரீட்மென்ட் என்று வைத்தியர்கள் சொல்வதை அகராதி பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் பழமைவாதச் சிகிச்சை என்று எழுதிவிடுகிறார்கள். வாசிப்பவர் அது காலாவதியான வைத்தியம் என்று நினைப்பார். அந்தச் சொல்லின் வேரில் இருப்பது பேணுதல், காத்தல். முறிந்த என்பை வெட்டித் திறக்காமல், இருக்கும் நிலையைப் பேணி, தானே பொருந்த விடுவது. ஆகவே பேணல் சிகிச்சை என்பது பொருத்தம். சத்திரசிகிச்சை இல்லாத சிகிச்சை என்று நீட்டிச் சொன்னாலும் பிழையில்லை. "ஒன்றும் செய்யவில்லை" என்பது மட்டும் பிழை. வலிக்கு மருந்து, கால் நாளங்களில் இரத்தம் உறையாமல் இருக்க ஊசி, ஊன்றுகோலோடு எவ்வளவு பாரம் வைக்கலாம் என்ற கணக்கு, சில நாட்களில் மீண்டும் எக்ஸ்ரே எடுத்து முறிவு நகர்ந்ததா என்று பார்ப்பது, இயன்மருத்துவப் பயிற்சி எல்லாம் அதற்குள் அடங்கும்.

யாருக்கு எது என்பதற்கு வயதை விட முக்கியமானது வளையத்தின் உறுதி. கனடாவின் என்புச் சத்திரசிகிச்சை நிபுணர் மார்வின் டைல் வகுத்த பிரிப்பை இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஏ வகையில் வளையம் உறுதியாகவே இருக்கிறது: ஓரத்தில் ஒரு துண்டு கழன்றிருக்கும், அல்லது முன்புற என்பில் நகராத கீறல் இருக்கும். இதற்குப் பேணல் போதும். பலர் சில நாட்களிலேயே ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்குவார்கள். சீ வகையில் வளையத்தின் ஒரு பாதி பின்னால் முழுதாக அறுந்து, மேலும் கீழும் பக்கமும் நகரும். இளம் ஆளுக்கு இதை அப்படியே விட்டால் ஒரு கால் குட்டையாகும், உட்காரும்போது சரிவு வரும், ஆயுள் முழுதும் முதுகு வலிக்கும். ஆகவே உடல்நிலை இடம் தந்தால் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்துவார்கள். முன்காலத்தில் இப்படிப்பட்டவர்களைக் காலில் பாரம் கட்டி வாரக்கணக்காகக் கட்டிலில் கிடத்தினார்கள். படுக்கைப்புண், சளிக்காய்ச்சல், நுரையீரலுக்குப் போய் அடைக்கும் இரத்தக்கட்டி என்று படுக்கையே புதிய நோய்களைக் கொண்டுவந்தது.

நடுவிலுள்ள பீ வகையில்தான் வைத்தியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடுகிறது. வளையம் திறந்த புத்தகம் போல விரிந்து, பூப்பென்பொட்டு 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால், பெரும்பாலோர் முன்னால் தகடு வைப்பார்கள். பக்கவாட்டில் அடிபட்டு, வளையம் உள்நோக்கி நசுங்கி, திருவென்பில் சிறு முறிவு மட்டும் இருந்தால் பதில் அவ்வளவு தெளிவில்லை. பலருக்கு அது பேணலிலேயே நன்றாகப் பொருந்திவிடும். வேறு சிலருக்கு நடக்கத் தொடங்கியதும் மெல்ல நகரும். மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே வளையத்தை அழுத்தி அது அசைகிறதா என்று சோதிக்கும் முறை இதற்காகவே வந்தது. அசைந்தால் திருகாணி போடுவார்கள். அசையாவிட்டாலும் சில வைத்தியர்கள் வலி விரைவில் குறையும் என்று போடுகிறார்கள். அந்த நன்மை மிகச் சிறிது, அதற்காகக் கத்தி வைக்க வேண்டாம் என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் நிதானமே நியாயமாகப் படுகிறது. பின்னால் போடும் திருகாணி காலுக்குப் போகும் நரம்புக்கு மிக அருகில் செல்கிறது. கிருமி தொற்றும் வாய்ப்பும் உண்டு. உறுதியாக இருக்கும் வளையத்துக்கு அந்த ஆபத்தைக் கொடுப்பதற்குத் தக்க காரணம் வேண்டும்.

இன்னொரு சொல்லையும் பிரித்துவிட வேண்டும். தொடையென்பின் தலை பொருந்தும் கிண்ணக்குழியும் கூபகத்தின் பகுதிதான். அசிட்டாபுலம் என்ற இலத்தீன் பெயருக்கு வினாகிரிக் கிண்ணம் என்று பொருள். கிண்ணக்குழி முறிந்தால் கணக்கு மாறும். அது மூட்டின் வழுவழுப்பான பரப்பு. அங்கே மட்டம் பிசகி 2 மில்லிமீற்றருக்கு மேல் படிபோல ஏற்ற இறக்கம் வந்தால் இளவயதிலேயே மூட்டுத் தேய்வு தொடங்கும். ஆகவே இளவயதினருக்கு அதைச் சத்திரசிகிச்சையால் நேராக்க வைத்தியர்கள் முனைவார்கள், அதுவும் முதல் இரண்டு வாரங்களுக்குள். மூன்று வாரங்கள் தாண்டினால் முறிவு தவறான நிலையிலேயே ஒட்டத் தொடங்கிவிடும்.

எந்த வழியில் போனாலும் என்பு பொருந்தச் சுமார் 6 முதல் 12 வாரம் எடுக்கும். தகடு வைத்துவிட்டால் மறுநாளே ஓடலாம் என்பதில்லை. பின்புறம் அறுந்தவர்களுக்கு அந்தக் காலில் பாரம் வைக்கப் பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் தடை இருக்கும். வீட்டில் யாரும் கேட்கத் தயங்கும் சில கேள்விகள் உண்டு. சிறுநீர் போவதில் சிரமம், தாம்பத்திய உறவில் வலி, ஆண்களுக்கு விறைப்புக் குறைதல் ஆகியவை கூபக முறிவுக்குப் பின் வரக்கூடியவை, அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. கூபகம் முறிந்து தகடு வைத்த பெண்களும் பலர் இயல்பாகவே குழந்தை பெற்றிருக்கிறார்கள். கர்ப்பமாகும் முன்பே மகப்பேற்று வைத்தியரிடம் பழைய எக்ஸ்ரேயைக் காட்டினால் போதும். கிளினிக்கில் கூட்டமாக இருக்கும், அருகில் மாமாவும் சித்தியும் நிற்பார்கள். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் வைத்தியர் கையில் கொடுத்துவிடலாம். அந்தத் தாளில் "என் முறிவு எந்த வகை, வளையம் உறுதியாக இருக்கிறதா" என்பதையும் முதல் வரியில் எழுதுங்கள்.