பெண் சிசுவைக் காக்கும் சட்டமும் நம் எம்.எல்.ஏ.க்களும்

ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு ஸ்கேன் முடிந்தது. உடன் வந்த மாமியார் திரையின் பக்கம் திரும்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வாயால் சொல்ல வேண்டாம் டாக்டரம்மா. மூத்தது பெண். பையன் என்றால் தலையை மட்டும் ஆட்டுங்கள், போதும்" என்றார். படுக்கையில் இருந்த மருமகள் கண்களை மூடிக்கொண்டார்.

அந்தத் தலையாட்டலையும் சட்டம் முன்பே யோசித்து வைத்திருக்கிறது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த விதத்திலோ தெரிவிக்கக் கூடாது என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு. கண்ணை மூடிக்கொண்ட அந்தப் பெண்ணையும் அது மறக்கவில்லை. கர்ப்பிணி பாலினம் அறியும் சோதனைக்கு வந்தால், கணவரோ உறவினரோ அவரைக் கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. இதை எழுதியவர்கள் நம் வீடுகளை அறிந்தவர்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும்.

முதலில் வழிகாட்டியது மகாராஷ்டிர சட்டமன்றம். பெண்கள் அமைப்புகளின் போராட்டத்துக்குப் பிறகு 1988-இல் அங்கே சட்டம் வந்தது. நாடாளுமன்றம் 1994-இல் இயற்றிய சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பல மாநிலங்களில் அது ஏட்டிலேயே கிடந்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகள் 2001-இல் 927 ஆகக் குறைந்தார்கள். சேலம் மாவட்டத்தில் அந்த ஆண்டு வெறும் 851. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய மாவட்டம் அது. தொட்டில் பிறந்த குழந்தையை ஏந்தும். பிறக்கவே விடாத குழந்தைக்கு அதனால் என்ன செய்ய முடியும்? உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அரசுகள் அசைந்தன. 2003-இல் சட்டம் திருத்தப்பட்டு, கருத்தரிக்கும் முன்பே பாலினத்தைத் தேர்ந்தெடுப்பதும் தடைக்குள் வந்தது.

அந்தத் திருத்தம் கொண்டுவந்த ஒரு ஏற்பாடு பலருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு மேற்பார்வை வாரியம் இருக்க வேண்டும். அதன் தலைவர் சுகாதார அமைச்சர். அதில் மூன்று பெண் சட்டமன்ற உறுப்பினர்கள் இடம்பெற வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது வாரியம் கூட வேண்டும். சட்டம் இயற்றுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடாது, உட்கார்ந்து கண்காணியுங்கள் என்று மக்கள் பிரதிநிதிகளிடம் சட்டமே சொல்கிறது. இந்தப் பொறுப்பைப் பற்றி எந்தத் தேர்தல் மேடையிலும் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம்.

அவர்கள் திருத்த வேண்டியதும் இருக்கிறது. பாலினம் அறிய அழைத்து வரும் கணவருக்கு முதல் குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். பணம் வாங்கிக்கொண்டு சொல்லும் மருத்துவருக்கும் அதே மூன்றாண்டுதான், அபராதமோ பத்தாயிரம். தண்டனை உறுதியானால் மருத்துவரின் பதிவு ஐந்தாண்டு நீக்கப்படும் என்பது உண்மை. ஆனாலும் இந்தக் குற்றத்தில் லாபம் பார்ப்பவர் நாங்கள், எங்கள் தொழிலில் இருப்பவர்கள். எங்கள் அபராதம் ஏன் குறைவாக இருக்க வேண்டும்?

கண்காணிப்பிலும் இடைவெளி இருக்கிறது. பதிவு பெற்ற மையங்களில், ஒவ்வொரு கர்ப்பிணியின் ஸ்கேன் விவரத்தையும் பதியும் 'எஃப்' படிவம் வரிக்கு வரி சரிபார்க்கப்படுகிறது. அது தேவைதான். ஆனால் கையடக்கக் கருவியை வீட்டில் வைத்து ரகசியமாக ஸ்கேன் செய்து தர்மபுரி பகுதியில் பிடிபட்டவர்களைப் பற்றிய செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் எந்தப் படிவமும் இருக்காது. அந்தக் கருவிகள் யார் கைக்கு எப்படிப் போகின்றன என்பதுதான் பேரவையில் எழ வேண்டிய கேள்வி.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கருக்கலைப்புக்கு 1971 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. உடல்நலம் கருதி அந்தச் சட்டப்படி வரும் பெண்ணை, பாலினச் சட்டத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பும் மருத்துவரும் தவறு செய்கிறார்.

உங்கள் தொகுதி உறுப்பினரிடம் சாலைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுக்கும்போது, இந்த மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுங்கள்: மாநில மேற்பார்வை வாரியம் கடைசியாக எப்போது கூடியது? அதில் இருக்கும் மூன்று பெண் உறுப்பினர்கள் யார்? நம் மாவட்டத்தில் இந்த ஆண்டு எத்தனை ஸ்கேன் மையங்களில் ஆய்வு நடந்தது?