பருந்துக்கு ஒரு குரல், கீரிக்கு ஒரு குரல்

கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கும் சேவல் திடீரென்று தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்க்கும். அடுத்த நொடியில் அதன் தொண்டையிலிருந்து நீண்டு இழுபடும் கீச்சுக் குரல் ஒன்று வரும். பெட்டைகள் குப்பைமேட்டை விட்டுவிட்டு வேலிப் புதருக்குள் பாய்ந்து பதுங்கும். அதே சேவல் வேலியோரம் கீரியையோ நாயையோ கண்டால் எழுப்புகிற சத்தமே வேறு. வெட்டி வெட்டி, தெரு முழுக்கக் கேட்கும்படி கொக்கரிக்கும். அப்போது பெட்டைகள் பதுங்குவதில்லை; கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்கும்.

இந்த இரண்டு குரல்களுக்கும் உண்மையிலேயே தனித்தனிப் பொருள் உண்டா, அல்லது பயத்தின் அளவுதான் மாறுகிறதா? அமெரிக்காவில் கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் இதைச் சோதித்து 1993இல் எழுதினார்கள். கூண்டுக்கு மேலே வைத்த திரையில் பருந்தின் உருவம் பறந்தபோது சேவல் முதல் வகைக் குரலை எழுப்பியது. பக்கவாட்டுத் திரையில் ரக்கூன் என்ற அமெரிக்க வேட்டை விலங்கு நடந்தபோது இரண்டாம் வகைக் குரல் வந்தது. பிறகு அந்தக் குரல்களைப் பதிவுசெய்து, எதிரி எதையுமே காட்டாமல், பெட்டைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வான் எச்சரிக்கையைக் கேட்டவை மறைவிடம் தேடி ஓடின, குனிந்தன, மேலே பார்த்தன. தரை எச்சரிக்கையைக் கேட்டவை நிமிர்ந்து நின்று கிடைமட்டமாகத் தேடின. எதிரி எங்கிருந்து வருகிறது என்ற செய்தி குரலிலேயே இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

தரை எச்சரிக்கையின் வெட்டு வெட்டான ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடித்துவிடும். ‘உன்னைப் பார்த்துவிட்டேன், இனி பதுங்கிப் பயனில்லை’ என்று எதிரிக்கே சொல்லும் அறிவிப்பாகவும் அதைக் கருதுகிறார்கள். வான் எச்சரிக்கையின் இடத்தைக் குறிவைப்பது அதைவிடக் கடினம். ஆனாலும் கத்துகிற சேவலுக்கு ஆபத்து இல்லாமல் இல்லை. அதனால் அது கணக்குப் பார்த்தே கத்துகிறது. தனியாக இருக்கும்போது பருந்தைக் கண்டால் பெரும்பாலும் வாய் திறக்காது. பக்கத்தில் பெட்டை இருந்தால் கத்தும். மார்லர் குழுவினர் 1980களிலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள்.

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தரை எச்சரிக்கையைப் பெட்டைகளும் தாராளமாக எழுப்பும். வான் எச்சரிக்கையோ பெரும்பாலும் சேவலின் வேலை. பெட்டைகளில் குஞ்சோடு திரிபவை மட்டுமே ஓரளவு கொடுக்கும். குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்டது போக மிச்சமிருந்த சேவலையும் தீபாவளிக்குச் சந்தையில் விற்றுவிட்டு, பருந்தைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது, ஓடி ஒளிய இடமும் வேண்டும். நம் கோழிகளின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் மூங்கில் புதர்களுக்கும் அடர்ந்த செடிகளுக்கும் இடையே வாழ்கிற பறவை. எச்சரிக்கைக் குரலுக்கு அதன் உடல் சொல்லும் பதில், பத்தடிக்குள் ஒரு புதர் இருக்கும் என்ற நம்பிக்கையில் உருவானது. சிமெண்டு பூசி, பெருக்கி, பளிச்சென்று வைத்திருக்கும் முற்றத்தில் அந்தப் பதில் பயன்படாது. செம்பருத்தி வேலி, தாழ்ந்த அவரைப் பந்தல், ஒரு பழைய கட்டில் என்று எதுவானாலும் சரி, தலைக்கு மேல் மறைப்பு இருந்தால் வல்லூறு பாயும் கோணம் கெட்டுவிடும். குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் பஞ்சாரம்தான் கதி. காகத்தை எதிர்த்துத் தாய்க்கோழி சண்டை போடும், அதுவும் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகைத் தாய் என்றால் மூர்க்கமாகவே போடும். ஆனால் இரண்டு காகங்கள் சேர்ந்து வந்தால், ஒன்று தாயை இழுக்க மற்றொன்று குஞ்சைத் தூக்கிவிடும்.

பருந்தை மிரட்டப் பழைய குறுந்தகடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதலில் வேலை செய்யும், பிறகு செய்யாது. மிரட்டிய ஒன்று தொடர்ந்து தீங்கு எதுவும் செய்யாவிட்டால், எந்த விலங்கும் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் சில நாள் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் பகல் கதை. சூரியன் மறைந்ததும் இந்தப் பாதுகாப்பு முழுவதும் சரிந்துவிடுகிறது. காரணம் கண்.

மனித விழித்திரையில் மங்கிய ஒளிக்கான கோல் செல்கள் சுமார் 12 கோடி. நிறம் காட்டும் கூம்புச் செல்கள் 60 லட்சம் அளவில்தான். கோழிக்கு இந்த விகிதம் தலைகீழ்: கூம்புகளே அதிகம். அதிலும் நமக்கு மூன்று வகை நிறக் கூம்புகள் என்றால், அதற்கு நான்கு வகை. வெயிலில் புல்லுக்குள் கிடக்கும் சிறு புழு அதற்குத் துல்லியமாகத் தெரியும். அதற்குக் கொடுத்த விலை, இருட்டில் ஏறக்குறைய குருடு. ஆகவே அந்திக்கு முன்பே உயரமான இடம் தேடி ஏறி, விடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் அதன் இரவுத் திட்டம். சந்தைக்குக் கொண்டுபோகும் கோழியை இரவில் பிடிப்பதும் இதனால்தான். கை வைத்தாலும் ஓடாது. முருங்கைக் கிளையில் அடைந்தால் நரியிடமிருந்து தப்பலாம். மரமேறும் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் அது பரிமாறி வைத்த இலை.

கூண்டுக்குள் புகுந்த விலங்கு பத்தைக் கொன்றுவிட்டு ஒன்றை மட்டும் தின்றிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். வெறி என்று சொல்வார்கள். ஹான்ஸ் க்ரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் இதற்கு வேறு விளக்கம் தந்தார். இங்கிலாந்தின் கடற்கரை ஒன்றில், காரிருள் இரவுகளில், கூடுகட்டியிருந்த கடற்காகங்களை நரிகள் ஏராளமாகக் கொன்றுவிட்டுத் தின்னாமலே போனதை அவர் ஆராய்ந்திருந்தார். தேடுவது, பதுங்குவது, பாய்வது, கொல்வது, தின்பது ஆகியவை தனித்தனிப் படிகள். வயிறு நிறைந்தால் தேடுவது நிற்கும். ஆனால் தப்பி ஓடாத இரை கண்ணெதிரே இருந்தால் கொல்லும் தூண்டுதல் அணையாது. காட்டில் ஒன்றைப் பிடித்ததும் மற்றவை பறந்துவிடும் என்பதால் இந்தத் தூண்டுதலுக்குத் தனியாகத் தடை தேவைப்படவில்லை. கூண்டுக்குள்ளோ எதுவும் பறந்துபோவதில்லை.

ஆக, இரவுக் கூண்டில்தான் மனிதனின் வேலை தொடங்குகிறது. கடையில் கோழி வலை என்று விற்கும் மெல்லிய அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். தெருநாய் அதைக் கிழித்துவிடும். அதன் கண் வழியே சிறு பாம்பு நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, விலை கூடுதல், ஆனால் அது ஒன்றுதான் பேர்சொல்லும். மண் தரை என்றால் தோண்டும் விலங்குகளையும் யோசிக்க வேண்டும். சுவர் தடுத்த இடத்திலேயே, அதன் அடியை ஒட்டியே அவை தோண்டத் தொடங்கும். ஆகவே வலையின் கீழ்விளிம்பை வெளிப்பக்கமாக மடித்து, ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையோடு படுக்கவைத்து, மேலே மண்ணோ கல்லோ போட்டுவிட்டால், தோண்டும் கால் கம்பியில் மாட்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அவற்றுக்குத் தோன்றுவது அரிது.

சிந்திய தீவனத்தை இரவில் விட்டுவைக்கக் கூடாது. அதற்கு எலியும் பெருச்சாளியும் வரும், எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும். முட்டை ஓடுகூட இல்லாமல் மாயமானால் பாம்பைச் சந்தேகிக்கலாம், அது முழுதாக விழுங்கும். உடைந்த ஓடு கிடந்தால் கீரி, எலி, காகம் என்று பட்டியல் நீளும்.

பொறி வைப்பதும் விஷம் வைப்பதும் வேண்டாம். கீரிக்கும் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. கீரி போய்விட்டால் எலியும் பாம்பும் பெருகும் என்பது வேறு. ஒரு முறை கொள்ளை போன கூண்டை மட்டும் அன்று மாலைக்குள்ளேயே சரிசெய்துவிட வேண்டும். தின்னாமல் போட்டுவிட்டுப் போனதைத் தேடி, வந்த வழியிலேயே அந்த விலங்கு மறுநாள் இரவும் வரக்கூடும்.