பால் சொசைட்டி வாசலில் பாறு கழுகு

மாட்டு டாக்டர் கழுகைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்? முதுமலையை ஒட்டிய சீகூர்ப் பகுதியில் நான் நடத்திய முதல் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. திரை கட்டி, செத்த பிராணிகளைத் தின்று அங்கே வாழும் நான்கு வகைப் பாறு கழுகுகளையும் படமாகக் காட்டினேன். பாதிப் பேர் கறவை நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்கள். மீதிப் பேர் டீக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் இடத்தை மாற்றினேன். காலையில் பால் சொசைட்டி வாசலில், கேனோடு வரிசையில் நிற்பவர்களிடம் பத்து நிமிடம். திரை கிடையாது, மைக் கிடையாது. கையில் ஒரு காலி மருந்து பாட்டில் மட்டும். "இது யார் வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக ஓடும்.

அது டைக்ளோஃபெனாக். காய்ச்சல், கால்வீக்கம், மடிநோய் எதுவானாலும் ஒரு காலத்தில் நாங்களே யோசிக்காமல் போட்ட வலி ஊசி. நான் எத்தனை மாட்டுக்குப் போட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். குற்றம் சாட்டுகிற தொனி வந்தால் கேன்கள் நகர்ந்துவிடும்.

ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் மாடு செத்தால் மருந்து அதன் உடலிலேயே தங்கியிருக்கும். தின்ற பாறுக்குச் சிறுநீரகம் பழுதாகும். வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசியதுபோல் படியும். இந்தக் காரணம் உலகுக்குத் தெரிந்தது 2004இல். 1992இல் இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிஞ்சியது.

ஒருநாள் பெரியவர் ஒருவர் மடக்கினார். "ஒரு மாட்டுக்கு ஊசி போட்டா அத்தனை கழுகும் செத்துருமா டாக்டரே?" நியாயமான கேள்வி. பாறு தனியாகச் சாப்பிடாது. ஒன்று இறங்கினால் வானத்தில் இருக்கிற மற்றவையும் இறங்கும். ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே போய்விடலாம். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே இந்த அழிவு நடக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை அந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? பெரியவர் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். நான் படம் காட்டியபோது நடக்காதது அது.

கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் 2006இலேயே தடையானது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் மனித ஊசி மருந்தை 3 மில்லி குப்பிகளில் மட்டுமே விற்க வேண்டும் என்றார்கள். வளர்ந்த மாட்டுக்கு அப்படி ஐந்தாறு உடைக்க வேண்டும். அந்தச் சிரமம்தான் தடுப்பு. 2023இல் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைக்கான தடைப்பட்டியலில் சேர்ந்தன. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். பெயர் மாறியதை நம்பி வாங்காதீர்கள். கடையில் "மாட்டுக்கு வலி ஊசி" என்று பொதுவாகக் கேட்கவும் வேண்டாம். மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபெனாமிக் அமிலம் என்று டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்குங்கள். இரண்டும் பாறுக்கு ஆபத்தில்லாதவை.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து சோறு தின்ற கழுகுகளைப் பற்றி யாராவது கட்டாயம் கேட்பார்கள். அவை மஞ்சள்முகப் பாறுகள். பல ஆண்டுகளாக வருவதில்லை. இந்தப் பேச்சு வந்தால் பத்து நிமிடம் அரைமணி ஆகிவிடும், பால்காரர் முறைப்பார்.

போன முறை ஓர் அம்மா கேட்டார்: "அப்போ செத்த மாட்டைப் புதைக்கச் சொல்றீங்களா, போடச் சொல்றீங்களா?" கடைசி நாட்களில் என்ன ஊசி போட்டது என்று தெரியாவிட்டால் ஆழமாகப் புதைத்துவிடுங்கள் என்றேன். நோய் எதுவும் இல்லாமல், ஊசியும் படாமல் செத்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு ஒதுக்குப்புறமாகப் போடலாம். புலி அடித்த மாடென்றால் கோபத்தில் சடலத்தில் பூச்சிமருந்து மட்டும் தடவாதீர்கள், பாறும் அதைத்தான் தின்னும். நிவாரணத்துக்கு மனுக் கொடுங்கள். "மனுக் கொடுத்தா எப்போ காசு வரும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் வனவரையும் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.