‘திட நிலை இயக்கி’ எதை இயக்குகிறது?

சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்களை வாங்கிவந்து, பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் தம் வீட்டிலேயே மேசைக்கணினி கோக்கும் இளைஞர்கள் இன்று பலர். அவர்களுக்கென எழுதப்படும் தமிழ்க் குறிப்புகள், கணினியில் கோப்புகளைச் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியை (‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’) ‘திட நிலை இயக்கி’ என்றே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இது பிழையான சொல்லாக்கம்; வேலை செய்பவரைத் தடுமாறவும் வைக்கிறது.

சொற்பிறப்பு எளியது. 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தபின், வெற்றிடக் குழாய்க்கு மாறாகத் திண்மமான குறைகடத்திக்குள்ளேயே மின்னணுக்கள் நகரும் கருவிகளை ‘சாலிட் ஸ்டேட்’ என்றார்கள். ‘டிரைவ்’ என்பது தட்டைச் சுழற்றும் பொறி. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்வட்டுச் சாதனத்தில் 50 தட்டுகள் சுழன்றன. எஸ்எஸ்டிக்குள் தரவைத் தேக்கிவைக்கும் ஃபிளாஷ் சில்லுகளும் அவற்றை ஆளும் கட்டுப்படுத்தியும் உண்டு, சுழல்வது எதுவுமில்லை.

‘திட’ என்பது வடமொழி ‘த்ருட’வின் திரிபு, ‘திண்மம்’ என்ற நல்ல தமிழ்ச்சொல் பள்ளிப் பாடநூல்களிலேயே இருக்கிறது. ஆயினும் என் முதன்மையான மறுப்பு ‘இயக்கி’ மீதுதான். கணினித் தமிழில் ‘இயக்கி’ என்றால் டிரைவர், அதாவது வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள். அந்த வழக்கு நிலைத்துவிட்டது. இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலிகள் தொட்டு, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில், சேமிப்புக் கருவிகளை ஆளும் விஎம்டி என்னும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் நிறுவும் திரையில் எஸ்எஸ்டி தென்படாமல் போவதுண்டு. அப்போது விஎம்டியை அணைக்க வேண்டும், அல்லது அதற்குரிய டிரைவரைப் பென்டிரைவிலிருந்து ஏற்ற வேண்டும். இதனை ஒரு குறிப்பு ‘இயக்கி தெரியாவிடில் இயக்கியை ஏற்றவும்’ என்று எழுதுமானால், ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பவர் பொருத்திய எஸ்எஸ்டியைக் கழற்றி மீண்டும் பொருத்துவாரே தவிர, மென்பொருளைத் தேடமாட்டார். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை இட்டவர், அந்த வரியைத் தாமே ஒருமுறை வாசித்துப் பார்த்திருந்தால் போதும், குழப்பம் புலப்பட்டிருக்கும்.

இதைத் தவிர்க்க ‘இயக்ககம்’ என்பார் உளர். ஈற்றெழுத்துகளின் வேறுபாட்டால் மட்டும் ஐயம் தீராது. அங்கே இயக்கப்படும் தட்டும் இல்லை. ‘திடநிலை வட்டு’ இன்னும் மோசம். 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட எஸ்எஸ்டிப் பட்டையில் வட்டம் எங்கே இருக்கிறது? ‘திண்மநிலை’ என்று திருத்தினாலும், வன்வட்டின் தட்டும் திண்மம்தானே என்ற கேள்விக்கு விடையில்லை. அந்த அடைமொழி வெற்றிடக் குழாயை நினைவில் வைத்திருந்த தலைமுறைக்கே விளங்கும்.

எனவே ‘சில்லுச் சேமிப்பகம்’ என்பதை முன்வைக்கிறேன். எதனால் ஆனது, என்ன செய்கிறது என்ற இரண்டையும் அது சொல்கிறது. ‘இயக்கி’யும் டிரைவருக்கு மட்டும் உரியதாக எஞ்சுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் இன்னொரு குறையும் உண்டு. எம்.2, என்விஎம்இ ஆகிய இரண்டையும் அவர்கள் ‘அதிவேக இயக்கி’ என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். எம்.2 என்பது பொருத்தும் வடிவம். என்விஎம்இ என்பது மதர்போர்டின் அதிவேக இணைப்பான பிசிஐஇ தடங்களின் வழியே தரவு பேசும் நெறிமுறை. எம்.2 வடிவிலேயே வந்தாலும் சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் இயங்கும் வகை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டோடு நின்றுவிட, நான்காம் தலைமுறை பிசிஐஇயில் இயங்கும் என்விஎம்இ 7,000 மெகாபைட்டை எட்டுகிறது. மேலும், சில மதர்போர்டுகளில் ஓர் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் குறிப்பிட்ட சாட்டா முனைகள் செயலிழக்கும். எங்கள் பகுதிக் கடைகளில் ‘சாட்டாவா, என்விஎம்இயா?’ என்று கேட்டுத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். தமிழிலும் அவ்விரு பெயர்களை அப்படியே வைத்து, ‘சாட்டா சில்லுச் சேமிப்பகம்’, ‘என்விஎம்இ சில்லுச் சேமிப்பகம்’ என்று பிரித்தெழுதினால், பணம் கொடுக்கும் முன்பே வாங்குபவருக்கு வேறுபாடு தெரிந்துவிடும்.