பயோபிளாஸ்டிக்: உயிரிநெகிழியா, மட்கும் நெகிழியா?

மீன்தோல், இறால் ஓடு, கரும்புச் சக்கை போன்ற எச்சங்களிலிருந்து நெகிழிக்கு மாற்று உருவாக்குவோர் பலரும் தம் பொருளைப் பயோபிளாஸ்டிக் என்றே அழைக்கிறார்கள். தமிழில் அதனை உயிரிநெகிழி என்று எழுதுகிறோம். இந்தச் சொல்லாக்கத்தில் இலக்கணப் பிழை இல்லை. எனினும், மூலச் சொல்லில் இருக்கும் ஒரு மயக்கத்தை அது அப்படியே தமிழுக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறது என்பது என் கவலை.

முதலில் பிளாஸ்டிக். களிமண்ணையோ மெழுகையோ பிசைந்து உருவம் கொடுப்பதைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து, உருவம் கொடுக்கத் தக்கது என்னும் பொருளில் பிளாஸ்டிகோஸ் என்ற சொல் பிறந்தது. நெடுங்காலம் சிற்பக் கலையை ஒட்டி வழங்கிய அச்சொல், 1907இல் லியோ பேக்லாண்ட் பீனாலையும் பார்மால்டிகைடையும் வினைபுரியச் செய்து பேக்கலைட் என்னும் செயற்கை நெகிழியை உருவாக்கிய பின்னர்தான், ஒரு பொருள்வகையின் பெயராக நிலைபெற்றது. நெகிழி என்பதோ நெகிழ் என்னும் வினையடியாகப் பிறந்தது. ‘தொடியொடு தோள்நெகிழ நோவல்’ என்னும் 1236ஆம் குறளில், பிரிவுத் துயரால் தோள் மெலிந்து வளை கழல்வதை அவ்வினை சுட்டுகிறது. தளர்வதும் இளகுவதும் நெகிழ்தல். பிசைந்து உருவாக்குவதற்கு ஏற்றதாக்குவது குழைத்தல். ஆகவே கிரேக்கச் சொல்லின் உட்பொருளுக்குக் குழைமம் என்பதே நெருக்கமானது. ஒருமுறை இறுகிவிட்ட பேக்கலைட் எவ்வளவு சூடாக்கினாலும் மீண்டும் நெகிழாது என்பதையும் இங்கே எண்ண வேண்டும். ஆனாலும் நெகிழி என்ற சொல் மக்கள் எழுத்தில் வேரூன்றிவிட்டதால் அதனை மாற்ற வேண்டியதில்லை. ஞெகிழி என்று எழுதுவதை மட்டும் தவிர்க்கலாம், ஏனெனில் பழந்தமிழில் அது கொள்ளிக்கட்டையையும் சிலம்பையும் குறித்த சொல்.

மயக்கம் முழுவதும் பயோ என்ற முன்னொட்டில் இருக்கிறது. அது பொருளின் பிறப்பைச் சொல்கிறதா, முடிவைச் சொல்கிறதா? பிரேசிலில் கரும்புச் சாராயத்திலிருந்து, பைகள் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீன் என்னும் நெகிழியைச் செய்கிறார்கள். பிறப்பால் அது பயிரிலிருந்து வந்தது. வேதியியல் அமைப்பிலோ பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலிஎத்திலீனேதான், ஆதலால் மண்ணில் மட்குவதில்லை. இதற்கு நேர்மாறாக, பிபிஏடி (PBAT) என்னும் நெகிழி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுகிறது, ஆயினும் உரம் தயாரிக்கும் சூழலில் மட்கிவிடுகிறது. மக்காச்சோள மாவுப்பொருளிலிருந்து பெறப்படும் பாலிலாக்டிக் அமிலம் என்னும் நெகிழிக்கு இரண்டு தகுதியும் உண்டு என்றாலும், ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் நிலவும் உரத் தொழிற்கூடத்தில்தான் அது ஒழுங்காகச் சிதையும். கடலிலோ குப்பைமேட்டிலோ நெடுநாள் கிடக்கும். இம்மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தால், பையைக் கையில் வாங்குபவர் அதனைத் தோட்டத்தில் புதைக்கலாமா கூடாதா என்பதை எப்படி அறிவார்?

ஆகவே பிறப்பைக் குறிக்கும்போது உயிரிமூல நெகிழி என்றும், முடிவைக் குறிக்கும்போது மட்கும் நெகிழி என்றும் பிரித்து எழுதுவதே முறை என்பேன். மட்குதல் புதிதாக ஆக்கிய கலைச்சொல் அன்று, பேச்சில் மக்குதல் என வழங்குவதும் அதுவே. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டு வாசலிலேயே தரம் பிரிக்கும் மக்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

பிறப்பைச் சொல்லும் இடத்திலும் கழிவு என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடக் கூடாது. கழிக்கப்படுவது எதுவும் கழிவுதான். ஆனால் சக்கை, உமி, மட்டை, செதில், ஓடு எனத் தமிழ் ஒவ்வோர் எச்சத்துக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறது, அப்பெயரே அதன் இயல்பையும் ஓரளவு காட்டுகிறது. பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழக மாணவியாக இருந்த லூசி ஹியூஸ் உருவாக்கி, 2019ஆம் ஆண்டின் ஜேம்ஸ் டைசன் விருதைப் பெற்ற மரினாடெக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மீன் பதப்படுத்தும் இடங்களில் ஒதுக்கப்படும் தோலையும் செதிலையும், செம்பாசியிலிருந்து பெறப்படும் அகர் என்னும் கூழ்ப்பொருளால் பிணைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய படலமாக அதனைச் செய்கிறார்கள். தோலும் செதிலும் தரும் புரதம் படலத்துக்கு வலிமையைத் தருகிறது. மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் கஞ்சிப்பாசியும் அகர் தரும் செம்பாசிதான். காய்ச்சினால் கஞ்சிபோல் குழைந்து, ஆறினால் உறையும் தன்மையை அந்தப் பெயரிலேயே கேட்க முடிகிறது. மரினாடெக்ஸ் வீட்டு உரக்குழியிலேயே நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் மட்கும் என்று அதை உருவாக்கியவர் கூறுகிறார். உயிரிமூல நெகிழி, மட்கும் நெகிழி என்னும் இரு பெயர்களும் சேர்ந்து பொருந்தும் பொருள் இது.

மட்கும் நெகிழி என்பதைச் சுருக்கி மட்குநெகிழி என்று எழுதலாமா என்று கேட்கக்கூடும். இலக்கணம் இடம் தருகிறது, அது வினைத்தொகை. ஆனால் வினைத்தொகையில் காலம் மறைந்து நிற்கும், இந்தப் பொருளிலோ எத்தனை நாளில், எந்தச் சூழலில் என்பதே முதன்மையான கேள்வி. எனவே மட்கும் என்ற பெயரெச்சத்தை விரித்தே எழுதி, அதற்கு முன்னால் இடத்தையும் கால அளவையும் சேர்த்து, ‘வீட்டு உரக்குழியில் ஆறு வாரத்தில் மட்கும் நெகிழி’ என்று பையின் மேல் அச்சிடுவதையே நான் விரும்புகிறேன்.